வேனில் எத்தனை சீட்? எங்கள் கலைச்சங்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டின் சந்தையில் மீன் வாங்கும்போதும் கேட்கிறார்கள், சாவு வீட்டில் நாற்காலி எடுத்துப் போடும்போதும் கேட்கிறார்கள். சங்கத்துக்குச் செயலாளர் என்று ஆகிவிட்ட பிறகு தப்பிக்க வழியில்லை. அதிகம் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பரதநாட்டியப் பள்ளிதானே?

பரதநாட்டிய வகுப்பும் உண்டு. அதோடு உறுமி, தப்பு, கும்மி, கோலாட்டம், சிங்க நடன மேளம், கொம்பாங் என்ற மலாய்க் கைமேளம் எல்லாம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை காமன் கூத்து. எல்லாம் ஒரே தகரக் கொட்டகையில்.

எப்படித் தொடங்கியது?

சத்தத்தால் தொடங்கியது. உண்மையாகவே அப்படித்தான்.

ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை மேளம் அடிக்க யாரும் இடம் தேடவில்லை. விடியும் முன்பே பால்மரம் வெட்டப் போனவர்கள், மதியம்போலப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, திரும்பிவிடுவார்கள். அதற்கப்புறம் பொழுது அவர்களுடையது. நாடக ஒத்திகை, பஜனை, கோலாட்டம் எல்லாம் அந்தப் பொழுதில் வளர்ந்தவை. கோயிலுக்குப் பக்கத்தில் திடல், திடலில் மேடை, சுற்றிலும் தெரிந்த முகங்கள். யார் வீட்டுக் குழந்தை தூங்குகிறது என்பதுகூட மேளக்காரருக்குத் தெரியும்.

ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது. வேலையின் நேரமும் ஆட்களும் மாறினார்கள். லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு (வீடமைப்புக் குடியிருப்புகளுக்கு) குடிவந்தார்கள். இங்கே சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. பக்கத்து வீட்டில் இரவு வேலைக்குப் போய் வந்தவர் தூங்குவார். எதிர் வீட்டில் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும். ஆறு மணிக்கு உறுமியைக் கையில் எடுத்தால் ஏழு மணிக்குப் போலீஸ் வண்டி வரும். வந்தும் இருக்கிறது.

எங்கள் உறுமி தாத்தா (பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார்) பேரன்களையும் அவர்களுடைய கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் செம்பனைக் காட்டு மண்சாலையில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். மழை வந்தால் தோல் நனைந்து சுருதி போய்விடும். அப்படி ஒரு மழையில் பையன்கள் ஓடி ஒதுங்கிய இடம், சீனர்களின் சிங்க நடனக் குழு வைத்திருந்த கொட்டகை. அவர்களும் சத்தத் தொல்லை என்ற புகாரால் ஊருக்குள்ளிருந்து துரத்தப்பட்டவர்கள்தான். அந்தப் பயிற்சியாளர் உறுமியைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “செவ்வாயும் வியாழனும் எங்களுக்கு, மற்ற நாள் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கரண்டு பில் பாதிப் பாதி” என்றார். மலாயில் பேசிய வாய்ப்பேச்சு. இன்றுவரை எழுத்தில் எதுவும் இல்லை.

“ஆசியக் கலை” என்று ஏன் பெயர்? “இந்தியக் கலை” என்றே வைத்திருக்கலாமே?

பொதுக்கூட்டத்தில் இதற்காக நாற்காலி தூக்காத குறைதான். நம் பிள்ளைகளுக்கு நம் கலையே ஒழுங்காகத் தெரியவில்லை, இதில் அடுத்தவர் கலை எதற்கு என்று பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்கும் அப்போது அந்தச் சந்தேகம் இருந்தது.

ஆனால் கொட்டகை பதில் சொல்லிவிட்டது. ஒரே கூரைக்கு அடியில் சிங்க நடன மேளமும் தப்பும் இருந்தால் பையன்கள் சும்மா இருப்பார்களா? அவன் அடித்ததை இவன் அடித்துப் பார்த்தான். இவன் குச்சியை அவன் வாங்கிப் பார்த்தான். எங்களைக் கேட்காமலேயே சங்கம் ஆசியச் சங்கமாகிவிட்டது. பெயரை அப்புறம்தான் மாற்றினோம்.

இந்த மண்ணில் இது புதிதும் இல்லை. கிளந்தான் வாயாங் கூலிட் நிழற்கூத்தில் டாலாங் என்ற ஒரே மனிதர் விளக்குக்கு முன் உட்கார்ந்து ஆட்டிவைப்பது நம் ராமாயணத்தைத்தான். ராமன் ஸ்ரீ ராமா, சீதை சித்தி டேவி, ராவணன் மகாராஜா ராவணா. அந்தக் கதையில் அனுமன் ராமனின் மகன்! இதை முதன்முதலில் சொன்னபோது எங்கள் கோயில் ஐயர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மலாய் நாடகமான பங்சவான், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து முளைத்தது. அங்குமிங்கும் கொடுத்து வாங்கித்தான் எல்லாக் கலையும் ஓடியிருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். 24 பருவ மேளம் என்று சீனப் பள்ளிகளில் அடிக்கிறார்களே, பலர் அது சீனாவிலிருந்து வந்தது என்று நினைக்கிறார்கள். 1988இல் ஜொகூர் பாருவில் பிறந்தது அது. சீன உழவர் நாட்காட்டியில் வருடத்துக்கு 24 பருவம். பருவத்துக்கு ஒரு மேளம், மேளத்தின் மேல் அந்தப் பருவத்தின் பெயர் தூரிகையெழுத்தில். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அதிக நேரம் ஆகவில்லை. மலேசியாவிலேயே ஒரு புதுக் கலையை உருவாக்க முடியும் என்று அவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். எங்கள் பையன்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் பூர்வகுடிகளான தெமியார் மக்களின் சேவாங் என்ற சடங்கு ஆடல்பாடலையும் கற்றுக்கொடுக்கிறீர்களா?

இல்லை, கற்றுக்கொடுக்கவும் மாட்டோம். சுங்கை பிளஸ் ஆற்றின் மேல்பகுதியில் தெமியார் கிராமங்கள் உண்டு. பெண்கள் நீளமும் குட்டையுமாக இரண்டு மூங்கில் குழாய்களைப் பிடித்துக் கட்டையின் மேல் மாற்றி மாற்றி இடிப்பார்கள், அதுதான் தாளம். பாட்டு கனவில் கிடைப்பது, நோய் தீர்க்கும் சடங்கோடு சேர்ந்தது. அதை நாம் எடுத்து வந்து கலர் துணி கட்டி மேடையில் ஆடினால், நம் சாமியாடியின் அருளை யாரோ நடித்துக் காட்டுவதுபோல இருக்கும். அவர்கள் கூப்பிட்டால் போவோம், உட்கார்ந்து கேட்போம். அவ்வளவுதான்.

உறுமி மேளம் கலையா? தைப்பூசத்தில் கூச்சல்தானே போடுகிறார்கள்?

கூச்சல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சினிமாப் பாட்டை அடித்துக் காவடிக்கு முன்னால் குதிப்பதை நானும் ரசிப்பதில்லை. ஆனால் உறுமியைக் கிட்ட வைத்துப் பாருங்கள். இடை சிறுத்த உடல், இரண்டு முகம். ஒரு முகத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள், மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் வருகிறது. அடிக்க ஒரு மாதத்தில் வந்துவிடும். தேய்க்க ஒரு வருடம் ஆனாலும் வராது. மணிக்கட்டு கொஞ்சம் இறுகினால் கீச்சென்று கத்தும், தளர்ந்தால் ஊமையாகிவிடும். தாத்தா புதுப் பையன்களுக்கு முதல் சில வாரங்கள் குச்சியே தரமாட்டார். உட்கார்ந்து கேள் என்பார். பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். மிஞ்சியவர்கள்தான் இப்போது எங்கள் குழு.

மலேசியத் தமிழர்கள் அளவுக்கு இளைஞர்கள் உறுமியைக் கையில் எடுத்திருக்கும் இடம் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே நிற டீசட்டை போட்டுக்கொண்டு ஊருக்கு ஊர் குழு. இவர்களைத் திட்டிக்கொண்டே இருப்பதைவிடக் கொட்டகைக்குள் கூப்பிடுவது எளிது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

காமன் கூத்தை ஏன் மறுபடி தொடங்கினீர்கள்? யார் பார்க்கிறார்கள்?

முதல் வருடம் பார்த்தவர்களில் பாதிப் பேர் நடித்தவர்களின் அம்மாக்கள். இப்போது அப்படி இல்லை.

தெரியாதவர்களுக்காக: மாசி மாதத்தில் அமாவாசைக்குப் பிறகு காமன் கம்பம் நடுவார்கள். தவத்தில் இருந்த சிவன்மேல் மன்மதன் மலர்க்கணை விட்டான், நெற்றிக்கண்ணால் எரிந்தான், ரதி அழுது முறையிட்டாள். இதுதான் கதை. பௌர்ணமியில் தகனம். அதுவரை இரவுகளில் லாவணி. ஒரு கட்சி, காமன் எரிந்தான் என்று பாடும், இன்னொரு கட்சி எரியவில்லை என்று பாடும். எரிந்த கட்சி, எரியாத கட்சி. டேப் என்ற தோல்கருவியை அடித்துக்கொண்டு கேள்வி போட்டால் எதிர்க்கட்சி பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். மராத்தியர் ஆண்ட தஞ்சையில் வேரூன்றி, தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களோடு இலங்கை மலையகத்துக்கும் மலாயாவுக்கும் வந்த கலை.

நாங்கள் தொடங்கியபோது லாவணி முழுதாகத் தெரிந்தவர் யாரும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு ரதி புலம்பல் மட்டும் நினைவில் இருந்தது. நடு நடுவே மறந்துவிடும். மறந்த இடத்தில் “தன்னானே” போட்டு நிரப்புவார். ஒரு கல்லூரி மாணவி கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு வந்து வரி வரியாக எழுதினாள். பாட்டி தன்னானே போட்ட இடங்களை இன்னும் தன்னானே என்றே பாடுகிறோம். புதுவரி எழுதி ஒட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை, மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

லாவணியின் கேள்வி பதிலுக்குத்தான் புது வரி எழுதுகிறோம். போன முறை எரியாத கட்சி கேட்டது: காமன் எரிந்துவிட்டால் தாமானில் இவ்வளவு கல்யாண மேளம் எப்படி? எரிந்த கட்சியில் நின்ற பையன் அடுத்த அடி வராமல் விழித்தான். கூட்டம் அவனுக்காகக் கைதட்டியது.

பெண்பிள்ளைகள் தப்பு அடிக்கலாமா?

அடிக்கிறார்கள். “அது நம்ம ஆட்கள் தொடுகிற மேளம் இல்லை” என்று சொன்ன ஒரு குடும்பமும் இருந்தது. அந்த வாக்கியத்தில் பெண்பிள்ளையைப் பற்றிய கவலையைவிட சாதி அதிகம் இருந்தது. கடல் தாண்டி இத்தனை தலைமுறையாகியும் சிலர் அந்த மூட்டையை இறக்கவில்லை. சங்கத்துக்குள் அந்தப் பேச்சுக்கு இடமில்லை என்று விதியிலேயே எழுதியிருக்கிறோம்.

இந்து அல்லாத பிள்ளைகள் சேரலாமா? சாமி கும்பிடச் சொல்வீர்களா?

சேரலாம், சேர்ந்திருக்கிறார்கள். கொட்டகையில் எந்தச் சாமி படமும் இல்லை. கோயில் திருவிழாவில் வாசிக்க வரத் தயங்குகிறவர்களை வற்புறுத்துவதில்லை. பரதநாட்டிய டீச்சர் நமஸ்காரத்தைத் தரைக்கும் குருவுக்கும் சொல்லும் வணக்கமாகச் சொல்லிக்கொடுக்கிறார். பெற்றோர் முதல் நாளே வந்து ஒரு வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பார்க்கலாம்.

மலாய்க்காரர் ஒருவர் இந்திய நடனம் ஆடலாமா என்று யாராவது கேட்டால் ரம்லி இப்ராகிம் பெயரைச் சொல்கிறேன். 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நடன அரங்கைத் தொடங்கியவர், பரதமும் ஒடிசியும் ஆடி 2018இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பெயரைச் சொன்ன பிறகு பேச்சு பெரும்பாலும் வேறு பக்கம் போய்விடும்.

தோட்டத்துக்குள் இருக்கும் பிள்ளைகள் எப்படி வருகிறார்கள்?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. தலைப்பில் இருப்பதும் இதுதான்.

எல்லாரும் ஊருக்கு வந்துவிடவில்லை. இன்னும் உள்ளே இருக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே பஸ் கிடையாது. அப்பாவின் மோட்டார் வேலைக்குப் போய்விடும். ஆரம்பத்தில் நல்ல ஆசிரியர், நல்ல உடை, நல்ல மேடை என்று எங்கெங்கோ பணத்தைப் போட்டோம், பிள்ளைகள் எண்ணிக்கை நகரவேயில்லை. பழைய வேன் ஒன்று வாங்கிய பிறகுதான் நகர்ந்தது. எங்கள் வளர்ச்சிக்கு மேடை காரணமில்லை, வேன்தான் காரணம் என்று ஆண்டறிக்கையில் எழுதினேன். தலைவர் அடித்துவிட்டார். இங்கே மறுபடி எழுதுகிறேன்.

சீட் எத்தனையோ அத்தனை பிள்ளைகள். மடியில் உட்காரவைத்து அழைத்துவருவது கிடையாது. அதனால் காத்திருப்போர் பட்டியல் உண்டு. திறமை பார்த்து அதில் வரிசை போடுவதில்லை. யார் வீடு தூரமோ அவர்களுக்கு முதலிடம். ஊருக்குள் இருக்கிறவர்கள் நடந்து வாருங்கள், சைக்கிளில் வாருங்கள்.

கட்டணம் எவ்வளவு?

மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்). ஒரு வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளைக்கு இல்லை. கட்ட முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும், காரணம் கேட்கமாட்டேன்.

அப்புறம் பணம் எங்கிருந்து வருகிறது?

கல்யாணம், கடைதிறப்பு, கோயில் திருவிழா ஆகியவற்றில் வாசிப்பதற்கு வரும் பணம்தான் முதுகெலும்பு. சிங்க நடனமும் உறுமியும் ஒரே விலையில் வரும் என்றால் கடைக்காரருக்குச் சந்தோஷம்தானே. அரசாங்க மானியத்துக்கும் மனுப்போடுகிறோம். கிடைக்கும் வருடமும் உண்டு, கிடைக்காத வருடமும் உண்டு. அதை நம்பி ஆசிரியர் சம்பளத்தை நிர்ணயிக்கக் கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டோம்.

பெரிய நன்கொடையாளர் ஒருவர் வந்தார். மேடைப் பின்துணியில் பிள்ளைகளின் படத்தைவிடத் தன் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். ஒரு வருடம் அப்படியே போட்டோம். அடுத்த வருடம் அவர் பேச்சு மட்டும் முக்கால் மணி நேரம். மூன்றாம் வருடம் நாங்கள் கூப்பிடவில்லை.

இந்த ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே பங்குப்பணம் போட்டு வாங்கவேண்டும் என்பது அதன் நோக்கம். எங்கள் பொருளாளரின் அப்பா அதில் சிறுகச் சிறுகக் கட்டியவர். அதனால் 10 வெள்ளி எதற்காகும் என்று யாராவது கேட்டால் பொருளாளருக்கு முகம் சிவந்துவிடும். நன்கொடைக்கு வருமான வரி விலக்குக் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். அதற்கு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் வேண்டும், எங்களிடம் இன்னும் இல்லை.

நிகழ்ச்சி நடத்த என்ன பெர்மிட் வேண்டும்?

பொது இடம் என்றால் நகராண்மைக் கழகத்தில் விண்ணப்பம், போலீஸ் நிலையத்தில் கடிதம், மண்டபம் என்றால் வாடகைப் பணமும் முன்பணமும். வெளிநாட்டுக் கலைஞரைக் கூட்டிவந்தால் அதற்கான அரசுக் குழுவான புஸ்பாலின் அனுமதி தனி. சீக்கிரம் தொடங்குங்கள். எங்கள் விண்ணப்பப் பாரம் ஒருமுறை ஒரு அலுவலக மேசையில் காணாமல் போய், நிகழ்ச்சிக்கு முதல் நாள் தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடைத்தது. நகல் எடுக்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

என் பிள்ளைக்குப் பள்ளியில் மார்க் கிடைக்குமா?

அரசுப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. நாங்கள் சான்றிதழ் தருவோம். அதை ஏற்பதும் மதிப்பிடுவதும் பள்ளியின் வேலை. மார்க்குக்காக மட்டும் வரும் பிள்ளையை, அது குச்சி பிடிக்கும் விதத்திலேயே தாத்தா கண்டுபிடித்துவிடுவார், எப்படி என்று எனக்குத் தெரியாது.

அரங்கேற்றம் உண்டா?

தனி அரங்கேற்றம் இல்லை. ஒரு குடும்பம் கடன் வாங்கி மண்டபம், உடை, சாப்பாடு என்று செலவழிப்பதைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டோம். வருட முடிவில் எல்லாரும் சேர்ந்து ஒரு மாலை, சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து. தனியாகத்தான் செய்வேன் என்பவர்களுக்கு ஈப்போவில் நல்ல பள்ளிகள் உண்டு.

இவ்வளவு வளர்ந்த பிறகும் ஏன் ஈப்போவுக்கு மாறவில்லை?

ஈப்போவுக்கு என்ன குறை, அரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் வேனின் பாதை அந்தப் பக்கம் இல்லை, உள்ளே போகிறது. வெளியூர்க்காரர்களுக்கு சுங்கை சிப்புட் என்றால் 1948 ஜூன் 16இல் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்த ஊர் என்றுதான் நினைவு. வேறு காரணத்துக்காகவும் ஊர் பெயர் கேட்கட்டுமே என்று ஒரு ஆசை. சரி, அது என் சொந்த ஆசை. உண்மையான காரணம், கொட்டகைக்கு வாடகை இல்லை.

எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க வேண்டும். என்ன செய்வது?

முதலில் சத்தம் போட இடம் பாருங்கள், அப்புறம் சங்கம். இடம் கிடைத்த பிறகு ஏழு பேரைச் சேருங்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேர் போதும். ஆர்.ஓ.எஸ். என்று எல்லாரும் சொல்லும் சங்கப் பதிவிலாகாவில் இணையம் வழியே பதியலாம். சட்டவிதியை வேறு சங்கத்திலிருந்து அப்படியே காப்பியடிக்காதீர்கள். நாங்கள் அடித்தோம், அதில் ‘ஈமச்சடங்கு உதவி நிதி’ என்று ஒரு பிரிவு தங்கிவிட்டது, மாற்றுவதற்கு மறுபடி பொதுக்கூட்டம் போட வேண்டியிருந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை அனுப்பிவிட வேண்டும். பல நல்ல சங்கங்கள் சண்டையால் சாவதில்லை, இந்த ஒரு பாரத்தை மறந்து சாகின்றன. சிலம்பத்தை விளையாட்டாக நடத்தப்போகிறீர்கள் என்றால் பதிவு விளையாட்டு ஆணையரிடம்.

ஏழு பேரில் ஒருவருக்காவது வேன் ஓட்டத் தெரிந்திருக்கட்டும்.

முதல் நாள் பிள்ளை என்ன கொண்டுவர வேண்டும்?

தண்ணீர்ப் போத்தல், வியர்வை துடைக்கத் துண்டு, காலுக்கு எதுவும் வேண்டாம். தாத்தாவுக்கு மரியாதைக்கு வெற்றிலை பாக்கு வாங்கி வருகிறார்கள், வேண்டாம், டாக்டர் தடை போட்டிருக்கிறார். மழை நாளில் வேன் தாமதமாகும், தோட்டத்துக் கோயில் வாசலில் நில்லுங்கள், ஹாரன் இரண்டு தடவை அடிப்பார்கள்.